வீட்டுப் பெரணி ஏன் வாடுகிறது? இரு நூற்றாண்டு விடைகள் – ஒரு மதிப்பீடு

நர்சரியில் பச்சைப்பசேலென்று தொட்டி நிறைய வழிந்து நிற்கும் பெரணி, வீட்டுக்கு வந்த சில வாரங்களில் நுனி கருகி, சிற்றிலைகளை உதிர்த்து, வெறும் காம்புகளாக மிஞ்சுவது ஏன்? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக விடை சொல்லப்பட்டு வருகிறது. முதலில் புகை என்றார்கள். பிறகு வறண்ட காற்று என்றார்கள். தண்ணீரின் அளவு, தண்ணீரின் உப்பு, தொட்டிக் கலவை, வெளிச்சம் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொரு விடைக்கும் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு பருவநிலை இருக்கிறது, மனத்தில் வைத்துப் பேசிய ஒரு பெரணி இனம் இருக்கிறது. அவற்றை உதறிவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் குழப்பம் பெருகியது என்று கருத இடமுண்டு.

புகை என்ற முதல் விடை

கிழக்கு லண்டனின் வெல்க்ளோஸ் சதுக்கத்தில் மருத்துவராக இருந்தவர் நத்தானியல் பாக்ஷா வார்ட் (1791–1868). வீட்டை ஒட்டிய இடத்தில் பெரணி வளர்க்க முயன்று தோற்றுப்போனவர். சுற்றியிருந்த ஆலைகளின் நிலக்கரிப் புகையையே அவர் குற்றம் சாட்டினார். 1829-இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிச் சீசாவில் இட்டு மூடி வைத்தார். எதிர்பாராமல் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. படிப்பறைச் சன்னலுக்கு வெளியே அந்தச் சீசாவில் அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தன. அவர் ஊரில் இல்லாதபோது மூடி துருப்பிடித்து, மழைநீர் அளவுக்கு மீறி உள்ளே இறங்கியதில்தான் மடிந்தன.

1833-இல் இதே முறையில் செய்த பெட்டிகளில் பெரணிகளை இட்டு சிட்னிக்கு அனுப்பினார். திரும்பும் பயணத்தில் ஆஸ்திரேலியச் செடிகள் ஏறின. ஏற்றும்போது வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ். தென்னமெரிக்க முனையைச் சுற்றியபோது உறைநிலைக்குக் கீழே 7 டிகிரி, கப்பல் தளத்தில் பனி. நிலநடுக்கோட்டில் 49 டிகிரி. வழியில் ஒரு தடவையும் தண்ணீர் ஊற்றப்படவில்லை. 1834-இன் இறுதியில் லண்டன் வந்து சேர்ந்தபோது செடிகள் நலமாக இருந்தன. 1842-இல் இம்முறையை விளக்கி வார்ட் நூல் வெளியிட்டார். 1845-இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் ‘வார்டியன் பெட்டி’ நடுத்தர வர்க்க வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. பெரணி மோகத்துக்கு ‘டெரிடோமேனியா’ என்று சார்லஸ் கிங்ஸ்லி 1855-இல் பெயரே சூட்டினார். அந்த மோகத்தில் கில்லார்னிப் பெரணி போன்ற அரிய இனங்கள் சேகரிப்பாளர் கைகளால் அழிவின் விளிம்புக்குப் போயின.

பெட்டி வென்றது. ஆனால் அது எதனால் வென்றது என்பதில் தெளிவில்லை. மூடிய கண்ணாடிக்குள் புகைக்கரி வராது. கூடவே காற்றின் ஈரம் குறையாது, மண்ணின் ஈரமும் குறையாது, காற்றோட்டம் இலையை உலர்த்தாது. நான்கு மாற்றங்களையும் ஒரே சமயத்தில் செய்துவிட்டு, அவற்றில் ஒன்றைக் காரணம் என்று சொல்வது சோதனைமுறைப்படி நிற்காது. புகை நீங்கிய பிற்கால லண்டனிலும் வீட்டுப் பெரணிகள் வாடவே செய்தன என்பது வார்டின் விளக்கத்துக்கு எதிரான சாட்சி. பெட்டிக்கும் எல்லை உண்டு. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து உதகைக்கு இத்தகைய பெட்டிகளில் கொண்டுவந்த சின்கோனா கன்றுகளில் மிகப் பெரும்பாலானவை வழியில் பட்ட வெப்பத்தால் பிழைக்கவில்லை.

ஈரப்பதம் என்ற பொது விடை

இன்று எந்த வளர்ப்புக் குறிப்பைப் புரட்டினாலும் முதலில் வருவது ஈரப்பதம். இந்த விடை செல்வாக்குப் பெற்றது ஐரோப்பிய, அமெரிக்க வீடுகள் குளிர்காலம் முழுவதும் கணப்பில் இயங்கத் தொடங்கிய பிறகு. பாஸ்டன் பெரணி எனும் புகழ்பெற்ற வகை 1894-இல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பிய சரக்கில் கண்டெடுக்கப்பட்டது. அது பரவியதும் அத்தகைய வீடுகளுக்குள்தான். வெளியே உறைந்த காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த அறையில் பெரணி கருகுவதைப் பார்த்தவர்கள் ஈரப்பதத்தைக் குற்றவாளியாக்கியது நியாயமே.

நம் கடலோர ஊர்களில் அந்தக் கணக்கு வேறு. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒப்பு ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குவது அரிது. ஆகவே இங்கே பெரணிக்குக் குறையேதும் இராது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அதுவும் தவறாகலாம். இலையிலிருந்து நீரை உறிஞ்சும் வலிமையை விழுக்காடு தனியே காட்டாது. காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதைக் காட்டும் அளவு நீராவி அழுத்தப் பற்றாக்குறை. அது வெப்பத்தோடு விரைந்து ஏறும்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 21 டிகிரி, 25 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட கணப்பு அறையில் இந்தப் பற்றாக்குறை ஏறத்தாழ 1.9 கிலோபாஸ்கல். 35 டிகிரி, 60 விழுக்காடு உள்ள மே மாதச் சென்னைத் தாழ்வாரத்தில் 2.25. பார்வைக்கு ஈரமான நம் தாழ்வாரம், அந்தக் கணப்பு அறையைவிட இலையை வேகமாக உலர்த்துகிறது. அதே ஊரில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 26 டிகிரி, 85 விழுக்காடு என்றால் வெறும் 0.5. உதகையில் 16 டிகிரி, 80 விழுக்காடு என்றால் 0.4-க்கும் குறைவு. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் யாரும் பார்த்துக்கொள்ளாமலே சுவரோரம் தழைக்கும் செடி சமவெளிக்கு வந்ததும் சுருள்வதில் மர்மம் ஏதுமில்லை.

ஏ.சி. மீதான பழியையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். 24 டிகிரி, 45 விழுக்காடு உள்ள ஏ.சி. அறையின் பற்றாக்குறை 1.6 அளவில்தான் நிற்கிறது. நண்பகல் தாழ்வாரத்தைவிடக் குறைவு. ஏ.சி. அறையில் பெரணி கெடுவது நேராக வீசும் காற்றாலும், இரவில் அணைத்துப் பகலில் போடுவதால் வரும் ஏற்ற இறக்கத்தாலும் என்று கொள்வது பொருந்தும். காற்று படாத மூலைக்கு நகர்த்திய செடி பல சமயம் தேறிவிடுகிறது.

வறண்ட காற்றுக்கு மருந்தாகச் சொல்லப்படுவனவற்றில் ஸ்பிரேயரால் இலைமேல் நீர் தெளிப்பதுதான் மிகப் பரவலானது, மிகப் பலவீனமானதும்கூட. தெளித்த நீர் சில நிமிடங்களில் ஆவியாகி அறைக்காற்றில் கலந்துவிடும். கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் ஊற்றித் தொட்டியை வைப்பதும் சிறு பயனே தரும். செடிகளைக் கூட்டமாக வைப்பது இவற்றைவிட மேல். காற்றீரமூட்டும் கருவி மேலும் மேல். கண்ணாடிப் பெட்டி இன்றும் வெல்கிறது, ஆனால் வெயில் நேராகப் படும் சன்னலில் வைத்தால் நம் கோடையில் செடியை அது வேகவைத்துவிடும்.

இலைத்துளைகளைப் பற்றிய வழக்கு

பெரணி ஏன் வறட்சியில் இத்தனை தடுமாறுகிறது என்பதற்குத் தாவரவியலில் ஒரு தனி விவாதம் நடக்கிறது. பூக்கும் தாவரங்களில் வறட்சி வந்தால் அப்சிசிக் அமிலம் எனும் வேதிச்சைகை இலைத்துளைகளை மூடவைக்கும். டாஸ்மேனியாவின் பிராட்ரிப், மெக்ஆடம் இருவரும் 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, பெரணிகளின் இலைத்துளைகள் அந்தச் சைகைக்குச் செவிசாய்ப்பதில்லை, இலையின் நீர் அழுத்தம் தளரும்போது தாமாக மூடிக்கொள்வதோடு சரி என்று வாதிட்டது. பின்னர் 2017-இல் வெளியான ஆய்வுகள் சில பெரணிகளில் அந்த அமிலத்துக்கு எதிர்வினை இருப்பதாகக் காட்டின. செடி வளர்ந்த சூழலைப் பொறுத்து முடிவு மாறலாம் என்ற கருத்தும் எழுந்தது. வழக்கு முடியவில்லை.

வீட்டில் வளர்ப்போருக்கு இதில் பாதி விடை இருக்கிறது. முதல் தரப்பு சரியென்றால், நீர் தீர்வதை முன்கூட்டி உணர்ந்து அடக்கிக்கொள்ளும் வசதி பெரணிக்குக் குறைவு. இலை தளர்ந்த பிறகே கதவடைக்கும். ஒரு முறை தொட்டியை முழுக்கக் காயவிட்டாலே மெய்டன்ஹேர் பெரணி மொத்த இலையையும் இழப்பதை இதனோடு இணைத்துப் பார்க்கலாம். நிறுவப்பட்ட தொடர்பாக இதை இப்போதைக்குக் கொள்ள முடியாது.

வேர் பக்கம் திரும்பிய பார்வை

காற்றை விட்டு மண்ணைப் பார்க்கச் சொல்லும் தரப்புக்கு நம் தெருக்களே சாட்சி. கழிவுநீர்க் குழாய் கசியும் சுவரிலும், பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தின் விரிசலிலும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி கோடை வெயிலில் தழைத்து நிற்பதைத் தமிழகத்து நகரங்களில் எங்கும் காணலாம். அதன் இலையைச் சூழ்ந்திருப்பது தெருவின் அனல்காற்றுதான். வேர் மட்டும் வற்றாத கசிவில் இருக்கிறது. வார்டின் சீசா பிரித்துக்காட்டாத இரண்டை இந்தச் சுவர் பிரித்துக்காட்டுகிறது: வேரில் நீர் அறாதிருந்தால் இலை வறண்ட காற்றையும் பெருமளவு தாங்கும், குறைந்தது சில இனங்களில். (மண்ணிலிருக்கும் ஆர்செனிக்கைத் தன்னுள் குவிக்கும் தாவரமாக 2001-இல் ‘நேச்சர்’ இதழில் அறிவிக்கப்பட்டதும் இதே பெரணிதான். அசுத்த நிலத்தைத் தூய்மை செய்ய அதைப் பயன்படுத்தும் முயற்சிகள் தனிக் கதை.)

இதற்கு எதிர்முனையில் நிற்பது ‘அதிக நீர் கொல்லும்’ என்ற எச்சரிக்கை. வார்டின் முதல் பெரணி மழைநீரால் மடிந்தது நினைவிருக்கட்டும். இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. வேருக்கு நீரும் காற்றும் ஒருசேர வேண்டும். களிமண் இறுகிய தொட்டியில் ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது. மக்கிய இலை, தென்னை நார்க்கழிவு, கரித்துண்டு கலந்த கலவை இரண்டையும் தருவதால்தான் அது எல்லாக் கையேடுகளிலும் இடம்பெறுகிறது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டிகளாக வரும் நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும் என்பதைக் கையேடுகள் சில சமயம் விட்டுவிடுகின்றன. அலசிப் பிழியாமல் தொட்டியில் போட்டால் முதல் மாதத்திலேயே நுனி கருகத் தொடங்கலாம்.

உப்புதான் நம் சமவெளியில் குறைத்து மதிப்பிடப்பட்ட காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறோம். நீர் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. விளிம்பில் வெள்ளைப் படலம் படிகிறது, இலைநுனி பழுப்பாகிறது. அதைப் பார்த்தவர் ஈரப்பதக் குறைவென்று எண்ணித் தெளிப்பானை எடுக்கிறார். அதிலும் அதே கிணற்று நீர். உரத்தை முழு அளவில் இட்டாலும் விளைவு இதுவே. மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுவது, மாதம் ஒருமுறையாவது அடித்துளை வழியே நீர் தாராளமாக ஓடும்படி தொட்டியை அலசுவது, உரத்தைப் பாதிக்கும் கீழாகக் கரைப்பது ஆகியவை எளிய மாற்றங்கள். காற்றைத் திருத்துவதைவிட இவற்றுக்குச் செலவு குறைவு.

மண் புளிப்பாக இருக்க வேண்டும் என்ற விதியும் பொதுவிதி ஆகாது. பழைய கிணறுகளின் உட்சுவரில் வளரும் அடியாண்டம் கபில்லஸ்-வெனெரிஸ் எனும் மெய்டன்ஹேர் இனம் உலகெங்கும் ஈரச் சுண்ணாம்புப் பாறையை நாடுவது. அதற்குப் புளிப்பு மண்ணைத் தேடித் தருபவர் அதன் இயல்புக்கு எதிராக உழைக்கிறார்.

நிழல் விரும்பி என்னும் நம்பிக்கை

பெரணி இருட்டில் வளரும் என்பது பாதி உண்மை. பூக்கும் தாவரங்களின் காடுகள் பரவிய பின் அந்த நிழலில்தான் இன்றைய பெரணி இனங்களில் பெரும்பகுதி கிளைத்தது என்று 2004-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு முன்வைத்தது. மங்கிய ஒளியை உணர உதவும் நியோகுரோம் என்ற ஒளியுணர் புரதத்தின் மரபணு, கொம்புப்பாசிகள் எனும் வேறொரு தாவரக் குழுவிலிருந்து பெரணிகளுக்குத் தாவியிருக்கலாம் என்று 2014-இல் மற்றோர் ஆய்வு கூறியது. இவை நிழலைத் தாங்கும் திறனை விளக்குகின்றன. ஆனால் காட்டு நிழல் வேறு, அறையின் உள்மூலை வேறு. நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. சன்னலிலிருந்து தள்ளிய மூலையில் சில நூறு லக்ஸ்கூட இராது. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் அந்த வேறுபாடு தெரிவதில்லை. மங்கிய மூலையில் பெரணி உடனே சாவதில்லை. புதுக்குருத்து விடாமல் மெல்லத் தேய்கிறது. நேர்வெயில் படாத வடக்குச் சன்னல் ஓரம் என்ற பழைய யோசனையில் குறை சொல்ல அதிகமில்லை.

பெரணி அலுவலக மூலைகளுக்குப் போய்ச் சேர்ந்ததில் இன்னொரு நம்பிக்கைக்கும் பங்குண்டு. 1989-இல் நாசாவுக்காக வால்வர்டன் தலைமையில் நடந்த ஆய்வு, வீட்டுச் செடிகள் காற்றிலுள்ள நச்சு ஆவிகளைக் குறைப்பதாகக் கூறியது. அவர் பின்னர் எழுதிய நூல் பாஸ்டன் பெரணியை இதில் உயர்த்திப் பேசியது. சோதனை நடந்தது மூடிய சிறு அறைகளில். டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸ், வேரிங் இருவரும் 2019-இல் பழைய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் தேவைப்படும் என்று தெரிந்தது. சன்னலைத் திறந்து வைப்பது மலிவு.

எந்தப் பெரணியைப் பற்றிப் பேசுகிறோம்?

மேலே கண்ட தரப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட ஒரு பெருங்குழுவை ஒரே செடியாக நினைத்து விதி வகுத்தன. தென்னிந்தியாவில் மட்டும் எத்தனை வகை வாழ்க்கை இருக்கிறது என்பதை மதராஸ் ராணுவ அதிகாரியாகவும் பின்னர் வனத்துறையிலும் இருந்த பெட்டோமின் நூல்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் வி.எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் 1992-இல் வெளியிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணி நூல் அந்தப் பணியை நம் காலத்துக்குக் கொண்டுவந்தது.

கொல்லிமலையில் சூப்புக்காக விற்கப்படும் முடவாட்டுக்கால் கிழங்கை எடுத்துக்கொள்ளலாம். அது டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற பெரணியின் மயிரடர்ந்த தண்டு. மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும். கோடையில் பச்சை இலைகளை உதிர்த்துவிட்டு, சருகு சேர்க்கும் பழுப்புக் கூட்டிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். இதைத் தொட்டியில் வளர்ப்பவர் இலை உதிர்ந்ததும் நீரைக் கூட்டினால் தண்டு அழுகும் வாய்ப்பு அதிகம். பறவைக்கூடு பெரணியும் மான்கொம்புப் பெரணியும் மரவாசிகளே. தடித்த இலையால் நம் வீட்டுச் சூழலை ஓரளவு தாங்குகின்றன. வறண்ட பாறையில் வாழும் ஆக்டினியோப்டெரிஸ் காய்ந்து சுருண்டு, மழை பெய்ததும் மீண்டும் விரியும். மெய்டன்ஹேரோ ஒரு நாள் வறட்சியையும் மன்னிக்காது. ‘பெரணிக்கு எப்போதும் ஈரம்’ என்ற வாசகம் இவற்றில் ஒன்றுக்கு வாழ்வு, இன்னொன்றுக்குச் சாவு.

நர்சரிகளில் பெரணி என்ற பெயரிலேயே விற்கும் அஸ்பராகஸ் பெரணி இந்தக் கூட்டத்தில் சேராது. அது தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு, பூத்துக் காய்ப்பது. அதை எளிதாக வளர்த்தவர் அதே பழக்கத்தோடு மெய்டன்ஹேரை வாங்கும்போதுதான் சிக்கல். இலையடியில் வரிசையாகத் தோன்றும் பழுப்புப் புள்ளிகளைச் செதில்பூச்சி என்றெண்ணி மருந்தடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவை ஸ்போர் பொதிகள். ஸ்போரை விதைத்துப் பெரணி முளைக்கவைக்கலாம் என்று ஜமைக்காவில் இருந்த மருத்துவர் ஜான் லிண்ட்சே 1794-இல் எழுதும்வரை ஐரோப்பியர் கண்ணுக்குத் தெரியாத பெரணி விதையைத் தேடிக்கொண்டிருந்தனர் என்பதால், இந்தத் தவறைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

முடிவும் முடியாதவையும்

புகை என்ற விடை பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஈரப்பதம் என்ற விடை தவறில்லை, ஆனால் குளிர்நாட்டுக் குளிர்கால அறையில் பிறந்தது. நம் சமவெளியில் அதை வெப்பத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். வேரில் நீர் அறுபடாமை, தொட்டியில் உப்புச் சேராமை ஆகிய இரண்டுக்கும் ஈரப்பதத்துக்கு முந்திய இடம் தரலாம் என்பதே சான்றுகள் காட்டும் திசை.

தீராதவை சில. இலைத்துளை விவாதம் எந்தப் பக்கம் சாயும் என்பது வீட்டுப் பெரணிகளாக விற்கும் இனங்களையே தனித்தனியாகச் சோதித்தால்தான் தெரியும். நம் நிலத்தடி நீரின் உப்பில் எந்த இனம் எந்த அளவு வரை தாங்கும் என்பது பரவலாகப் புழங்கும் வளர்ப்புக் கையேடுகளில் காணப்படுவதில்லை. நர்சரியின் நிழல்வலைக் கூடத்திலிருந்து வீட்டுக்கு மாறும்போது விழும் இலைகளில் எவ்வளவு பங்கு இடமாற்ற அதிர்ச்சிக்குரியது, எவ்வளவு நம் பராமரிப்புக்குரியது என்பதும் பிரித்துச் சொல்லப்படவில்லை. முதல் இலையுதிர்வைப் பார்த்து மருந்தும் உரமும் ஊற்றாமல், புதுக்குருத்து வருகிறதா என்று காத்திருப்பது இப்போதைக்குப் பாதுகாப்பான வழி.

விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம். தொட்டியில் ‘பெரணி’ என்று மட்டும் எழுதாமல் இனத்தின் பெயரையும், அது மண்ணில் வளர்வதா, மரத்தில் வளர்வதா, பாறையில் வளர்வதா என்பதையும், நர்சரியில் வளர்த்ததா, காட்டிலிருந்து பெயர்த்ததா என்பதையும் எழுதி ஒட்டுங்கள். மலையிலிருந்து பெயர்த்த செடி என்றால் வாங்குபவர் அதைத் தவிர்ப்பதே நல்லது.